காற்கூறும் கழற்குடமும்

நன்னூற் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் என்னும் ஐந்தன் வரலாற்றையும் உரைப்பது. இதனை மாணாக்கராய் இருந்த காலத்து மனப்பாடம் செய்த நாம், ஆசிரியராய பின்னர் மீண்டும் எடுத்து நோக்குதல் அரிது. ஆயின், அப்பகுதி ஆசிரியரை நோக்கி எழுப்பும் வினா ஒன்று உண்டு. அதனை ஆராய்தலே ஈண்டு எம் நோக்கமாகும்.

பவணந்தியார் ஆசிரியர் ஆகாதார்க்கு நான்கு உவமை கூறுகின்றார். கழற்காய் பெய்த குடம் முதலாவது. அடுக்கிப் பெய்த முறையிற் காய்கள் வெளிவாரா. அதுபோலத் தான் கற்ற முறை பிறழக் கற்பிப்பவன் ஒருவன். பிறரை அணுகவிடாது, தானே உதிர்த்தால் அன்றிக் கனி தாராத மடற்பனை இரண்டாவது. சிறிது சிறிதாகவே வாங்கிச் சிறிது சிறிதாகவே ஈயும் பருத்திக் குண்டிகை மூன்றாவது. நீர் வார்த்து வளர்த்தவன் இருக்கப் பிறன் மனையிற் காய் வீழ்க்கும் முடத்தெங்கு நான்காவது. இந்நான்கும் கற்பித்தற் குறைகளைத் துல்லியமாகக் காட்டுவன என்பதில் ஐயமில்லை.

எனினும், இவ்விடத்து ஒரு குறை தோன்றுகின்றது. கழற்குடம் தன்னைக் கழற்குடம் என்று அறியுமா? முறை பிறழக் கற்பிப்பவனுக்கு அம்முறையே நேரியதாகத் தோன்றும். பவணந்தியார் குறையை வகுத்தாரேயன்றி, குறையுடைய ஆசிரியன் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியை அவ்விடத்து வகுத்திலர். அத்தகையோன் ஆசிரியன் ஆகான் என்று விலக்குதலோடு அமைந்தார்.

வழி அதே பாயிரத்தின் வேறோரிடத்தில் மறைந்து கிடக்கின்றது என்பது எம் கருத்து. ஆசான் உரைத்ததை நன்கு கொண்டானாயினும் மாணாக்கன் பெறும் புலமை காற்கூறே என்றும், அவ்வினையாளரொடு பயிலுதலால் மற்றொரு காற்கூறு நிரம்பும் என்றும், பிறர்க்குச் செவ்விதின் உரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றும் நன்னூல் கணக்கிடுகின்றது. ‘அவ்வினையாளர்’ என்பதற்கு உடன்கற்போர் என்று உரை கொள்வர். இடம் நோக்க அதுவே பொருந்தும். ஆயின், அச்சொல் குறிப்பது ஒரே வினையில் ஈடுபட்டோரை. கற்றல் ஒருவனுக்கு வினையாயின் உடன்கற்போர் அவ்வினையாளர். கற்பித்தல் வினையாயின் உடன்கற்பிப்போரே அவ்வினையாளர் ஆதல் வேண்டும். பவணந்தியார் இவ்வாறு கருதினார் என்று யாம் கூறவில்லை. அவர் வகுத்த நெறி இதற்கும் இடந்தரும் என்பதே எம் துணிபு.

இந்நெறியை இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் சில செயற்படுத்தியுள்ளன. அமெரிக்க நாட்டின் ஓகையோ மாநிலத்து மியாமிப் பல்கலைக்கழகத்தில் 1979இல் இளம் ஆசிரியர்களுக்கெனத் தொடங்கிய திட்டம், பின்னர்ப் பல துறையாசிரியர் கூடிப் பயிலும் குழுக்களாக வளர்ந்தது. எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை ஓராண்டுக் காலம் தொடர்ந்து கூடித் தத்தம் கற்பித்தலை ஆராய்வது இக்குழுக்களின் இயல்பு. லீ சுல்மன் என்னும் கல்வியறிஞர் 1993இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆராய்ச்சி பலர் முன் வைக்கப்பெற்றுப் பொதுவுடைமையாவதையும், கற்பித்தலோ தனிமையில் நிகழ்ந்து மறைவதையும் சுட்டி, கற்பித்தலும் அறிஞர் குழுவின் பொதுவுடைமை ஆதல் வேண்டும் என்றார். நம் மரபிலும் இவ்வேறுபாடு உண்டு. நூலுக்கு அரங்கேற்றம் இருந்தது. வகுப்பறைக்கு அரங்கேற்றம் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். உள்ளுறையையும் இறைச்சியையும் ஒருவர் கற்பிக்கின்றார் எனக் கொள்வோம். தேர்வில் மாணவர் இரண்டன் இலக்கணத்தையும் பிழையின்றி எழுதுகின்றனர். படித்தறியாத அகப்பாட்டு ஒன்றைக் கொடுத்தால் அதன்கண் அமைந்தது எது எனக் கூற அறியாது மயங்குகின்றனர். ஆசிரியர் மாணவரை நொந்துகொள்கின்றார். அவ்விடைத்தாள்களை உடனாசிரியர் இருவர் படிப்பின், மயக்கம் அனைவரிடத்தும் ஒரே இடத்தில் நிகழ்வதைக் காண்பர். ஒருவர் வகுப்பில் அமர்ந்து கேட்பின், இலக்கணம் முன்னும் பாட்டுப் பின்னுமாக வந்ததையும், இரண்டையும் ஒருங்கு வைத்துப் பிரித்தறியும் பயிற்சி ஒருநாளும் தரப்பெறாததையும் உணர்வர். குடத்துக்குத் தெரியாதது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிகின்றது.

இத்தகைய குழு மேற்பார்வையாக மாறிவிடாதோ எனின், மாறக்கூடும். அங்குக் கூறியது பதவியுயர்வுக் கோப்பில் ஏறுமாயின் எவரும் தம் குறையை வாய்திறந்து கூறார். ஆதலின், குழுவுக்கும் மதிப்பீட்டுக்கும் தொடர்பு இருத்தல் கூடாது. இதற்கு மறுதலையான இடர் ஒருவரையொருவர் புகழ்ந்து கலைதல். மூத்தோர் பேச இளையோர் தலையசைத்தல் நம் துறைகளுக்கே உரிய இடர். இவ்விரண்டையும் தடுப்பது ஒன்றே: பேச்சு ஆசிரியரைப் பற்றியதாகாது, மாணவர் எழுதிய விடையைப் பற்றியதாதல் வேண்டும். விடைத்தாளின் முன் மூப்பும் இளமையும் இல்லை.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பின்னர் நம் நாட்டில் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்க்குப் புத்தொளிப் பயிற்சிகள் ஏற்பட்டன. அவற்றின் பயனை யாம் மறுக்கவில்லை. ஆயின், அங்கு ஆசிரியர் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்து வல்லார் உரைப்பதையே பெரிதும் கேட்கின்றனர். நன்னூற் கணக்கின்படி அதனாற் பெறுவது காற்கூறே. சில வாரங்களிற் பயிற்சி முடிந்து தம் துறைக்குத் திரும்பியவுடன் பழைய தனிமையே எதிர்கொள்கின்றது. மற்றைக் காற்கூற்றைத் தரவல்லோர் தொலைவில் இல்லை. அடுத்த அறையிற் பாடஞ்சொல்லிக் கொண்டிருக்கின்றனர்.

நன்னூலைப் பல்லாண்டுகளாகக் கற்பித்துவரும் நாம், அதன் பாயிரத்தை மாணாக்கர்க்கு மட்டும் உரியதாகக் கொண்டமை பெருங்குறை. இதனைக் களையப் பெருந்திட்டமும் பொருளுதவியும் வேண்டுவதில்லை. வரும் பருவத்தில் ஒரே தாளைக் கற்பிக்கும் இருவர் ஒருவர் வகுப்பில் மற்றவர் ஒருமணி நேரம் அமர்ந்து கேட்கட்டும். பத்து விடைத்தாள்களை இருவரும் சேர்ந்து படிக்கட்டும். எம் குடத்திலிருந்து காய்கள் எம்முறையில் வெளிவருகின்றன என்பதை அன்று யாமும் அறிவோம்.