ஃப்ரான் போவின் மாத்திரை டப்பா

அக்கா மகள் ஆறாம் வகுப்பு. "மாமா, பூனையத் தேடுற கேம், ஏத்திக் குடுங்க"ன்னு கேட்டாள். படத்தில் பெரிய கண்ணுள்ள சிறுமி, ஒரு கருப்புப் பூனை. சிறுவர் புத்தகம் மாதிரிதான் இருந்தது. கொடுப்பதற்கு முன்னாடி நானே விளையாடிப் பார்த்தேன்.

'ஃப்ரான் போ' 2015-ல் ஸ்வீடனின் கில்மண்டே கேம்ஸ் வெளியிட்டது. கதை நடப்பது 1944-ல். பெற்றோர் கொலையுண்டு கிடப்பதைப் பார்த்துவிட்ட பத்து வயது ஃப்ரான், குழந்தைகளுக்கான மனநலக் காப்பகத்தில் அடைக்கப்படுகிறாள். அங்கிருந்து தப்பி, பூனையைக் கண்டுபிடித்து, சித்தி வீட்டுக்குப் போகணும். பொருட்களைத் தேடிச் சேர்த்துப் புதிர்களை விடுவிக்கும் ஆட்டம்.

ரத்தமும் சிதைந்த உடல்களும் ஏராளம். சிறுபிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்ல அதுவே போதும். ஆனா என்னை உறுத்தியது வேற. டாக்டர் நிறுத்திய மாத்திரை டப்பாவை ஃப்ரான் எடுத்து வைத்துக்கொள்கிறாள். ஒன்றை விழுங்கினால் அதே அறை கோரமாக மாறும், முன்பு இல்லாத துப்பு தெரியும். ஆட்டத்தில் முன்னேற, பிள்ளை திரும்பத் திரும்ப மாத்திரையைத் தொடணும்.

நாங்கள் ஏர்வாடிக்காரர்கள். தர்காவுக்கு மனநோயாளிகளைக் குடும்பத்தார் கூட்டி வருவதைப் பார்த்தே வளர்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, இங்கே ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடியது. சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது. தர்காவிலேயே துஆவோடு மருந்தும் என்ற ஏற்பாடு வந்தது. மாத்திரை சாப்பிட்டால் பேய் தெரியும் என்று இந்த வயதில் மனசில் பதிந்தால், நாளைக்கு வீட்டில் ஒருத்தருக்கு மருந்து எழுதிக் கொடுக்கும்போது இந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?

ஆட்டத்தின் நல்லதையும் சொல்லணும். 2013-ல் வந்த 'அவுட்லாஸ்ட்'டில் காப்பகத்து நோயாளிகளுக்குப் பயந்து ஓடுவோம். இதில் அடைபட்டவளாக நாமே இருக்கிறோம். எங்க ஊரில் அந்த 28 பேரைப் பற்றிப் பேசினாலும் தீயைப் பற்றித்தான் பேசுவோம். முந்தின நாள் அவங்க எப்படி இருந்தாங்கன்னு கேட்பதில்லை. ஃப்ரான் அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பினாள்.

என் முடிவு: 16 வயதுக்குக் கீழே வேண்டாம். அதற்கு மேல் என்றால், மாத்திரை பற்றிப் பேச ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அக்கா மகளிடம் மாட்டேன் என்றேன். "பூனை கிடைச்சுதா மாமா?" என்றாள்.

கிடைச்சுது. அது மட்டும் சொன்னேன்.