திருநாளைப்போவாரின் 'நாளை'

நாளை என்னுஞ் சொல் உலக வழக்கிற் பெரும்பாலும் பழிப்புக்குரியதாகவே நின்றுவருகின்றது. இன்று செய்யத்தக்கதைப் பின்னுக்குத் தள்ளுவோன் சொல்லுஞ் சொல் அது. கடன்பட்டோன் கடன்கொடுத்தோனுக்குச் சொல்லுவதும் அதுவே. எனினும், சைவ உலகம் தான் வணங்கும் அறுபத்துமூவருள் ஒருவரை அச்சொல்லாலேயே பெயரிட்டு, 'திரு' என்னும் அடையுங் கொடுத்துத் திருநாளைப்போவார் என வழங்குகின்றது. அடைந்த பேற்றினாலன்றி, அதனை அடைதற்கு முன்னர் நாள்தோறுஞ் சொல்லிவந்த ஒரு சொல்லினால் ஒருவர் பெயர்பெற்றமை எண்ணத்தக்கது. அச்சொல்லின் பொருளை உள்ளவாறு உணர்ந்தாலன்றி அவர் வரலாற்றின் பொருளும் விளங்காது.

இப்பெயரின் பழமை முதற்கண் நோக்குதற்குரியது. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் இவரைப் பெயரளவிலேயே போற்றுகின்றார். ஊரும் குலமும் வரலாறும் அங்கே இல்லை. நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில், ஊர் ஆதனூர் என்பதையும், பிறந்த குலத்தையும், தில்லை மூவாயிரவர் கைகூப்ப இவர் முனிவரானமையையும் ஒரு பாட்டினுள் அடக்கிக் கூறினார். தீயிற் புகுந்த செய்தி அப்பாட்டில் இல்லை. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழாரே நாற்பதுக்குட்பட்ட பாடல்களில் இவ்வரலாற்றை முழுதாக விரித்தார். பின்னர் 19ஆம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை இயற்றி அதனை மக்கள் நாவில் ஏற்றினார். இன்று நந்தனார் கதை எனப் பலர் அறிந்திருப்பது பாரதியாரின் கதையேயன்றிச் சேக்கிழாரின் கதை அன்று. இடையூறுகளுக்கிடையே தளராத வேட்கை என்னும் ஒரே பொருளையே இருவரும் பாடினராயினும், அவ்விடையூறு எங்கிருந்து வந்தது, அதனை வென்றது எது என்னும் இரண்டிலும் அவர்கள் வேறுபடுகின்றனர். அவ்வேறுபாடே இங்கு ஆராயப்படுவது.

சேக்கிழார் நாயனாரை அறிமுகஞ்செய்யுமுன் அவர் பிறந்த சேரியை அறிமுகஞ்செய்கின்றார். கொள்ளிடத்தின் வளத்தையும் ஆதனூரின் வயல்களையும் பாடியபின் அவர் கண் சேரியுள் நுழைகின்றது. மருத மரத்து நிழலிலே சிறு தோலின்மேற் குழந்தையை உறங்கச்செய்யும் உழத்தியும், புதைத்த பானையினுள்ளே முட்டையோடு ஒடுங்கும் பெட்டைக் கோழியும், மாமரக் கிளைகளில் தொங்கும் பறைகளும், அண்மையில் ஈன்ற நாயின் குட்டிகளும் அப்பாடல்களிலே காட்சியளிக்கின்றன. அமைச்சராய் அரசவையில் அமர்ந்த ஒருவர் இத்துணை நுட்பமாக அவற்றைக் கண்டு பாடியது வியத்தற்குரியது. அருவருப்பும் இரக்கமும் அங்கே இல்லை. கண்டதைக் கண்டவாறு மதிக்கும் பார்வையே உள்ளது. பின்னர் வரும் பெருவேட்கை இம்மண்ணில் முளைத்தது என்பதைக் காட்டவே புலவர் இதனை முன்வைத்தார் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

அச்சேரியில் வாழ்ந்த நந்தனார் செய்த தொண்டு அவர் தொழிலிலேயே அமைந்தது. கோயிற் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அவர் கொடுத்துவந்தார். இதிலுள்ள முரண்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் கையாற் பதஞ்செய்த தோல் கோயிலினுள்ளே முழங்குகின்றது. அவர் முறுக்கிய நரம்பு சந்நிதியிலே இசைக்கின்றது. அவரோ வாயிலுக்குப் புறத்தே நிற்கின்றார். சேக்கிழார் இம்முரண்பாட்டைத் தம் வாயாற் பழித்துரைக்கவில்லை. பொருள்களின் பட்டியலைத் தந்து, கற்போர் தாமே அதனை உணரும்படி விட்டுவிடுகின்றார்.

திருப்புன்கூர் நிகழ்ச்சி இவ்வேட்கையின் முதற்படி. புறத்தே நின்று இறைவனைக் காண விழைந்தவருக்கு இடையே இடபதேவர் மறைத்திருந்தார். இறைவன் அவரை விலகச்செய்து காட்சி அளித்தான். இன்றும் அத்தலத்தில் நந்தி நேரே இராது ஒதுங்கியிருத்தலைக் காணலாம். காட்சி பெற்றவர் அதனோடு ஊர் திரும்பிவிடவில்லை. அவ்வூரிலே பள்ளமான ஓரிடத்தைக் கண்டு, அதனைக் குளமாகத் தோண்டி முடித்தபின்னரே மீண்டார். அருள் பெற்றவிடத்து உழைப்பைக் கைம்மாறாகக் கொடுத்தார் என்க. நம்பிக்கை என்பது கைகட்டி வாளா இருத்தல் அன்று என்பதற்கு இக்குளமே சான்றாகும்.

ஆயின், திருப்புன்கூரில் விலகியது நந்தியே, மதில் விலகவில்லை. அவர் நின்ற இடம் அப்போதும் புறவாயிலே. தில்லை வேட்கை இவ்வெல்லையைக் கடக்க முற்பட்டது. தில்லைக்குச் செல்ல எண்ணிய இரவு அவர் உறங்கவில்லை. பொழுது புலர்ந்ததும், அங்கே சென்று சேர்தல் தம் குலத்துக்கு இசையாது என்னும் நினைவு வந்தது. 'இதுவும் இறைவன் ஏவலே' என்று எண்ணிப் போக்கை நிறுத்திக்கொண்டார். ஆனால் வேட்கை நின்றபாடில்லை. மேலும் பெருகவே, நாளைப் போவேன் என்றார். 'நாளை' பிறந்த இடம் இதுவே.

இங்கே 'ஏவல்' என்ற கருத்தைச் சேக்கிழார் ஆளும் திறம் சிறப்பாக ஆராயத்தக்கது. உலகம் விதித்த தடையை இறைவன் விதித்ததாகவே நந்தனார் முதலிற் கொண்டார். நெடுங்காலம் தடுக்கப்பட்டோர் தடையையே தெய்வ ஆணையாக நம்புதல் இயல்பு. ஆனால் அது அவர் தாமே ஊகித்த ஏவல். இறைவன் வாயிலிருந்து வந்ததன்று. வரலாற்றின் இறுதியில் இறைவன் கனவிலே தோன்றித் தானே ஏவுகின்றான். அவ்வேவல் வருக என்பதேயாகும். முன்னைய ஏவலைப் பின்னைய ஏவல் மறுத்துவிடுகின்றது. குலத்தடை இறைவன் திருவுள்ளம் அன்று என்பதைச் சேக்கிழார் இவ்வளவு மென்மையாக, ஆயினும் ஐயத்துக்கிடமின்றி, கதையின் அமைப்பினாலேயே நிறுவியுள்ளார்.

ஆதலின் அவருடைய 'நாளை' சோம்பலின் சொல் அன்று. சோம்பலுடையோன் நாளை என்று கூறி உறங்குவான். இவரோ உறக்கமிழந்தபின் நாளை என்றார். ஒவ்வொரு நாளும் தடையை நினைத்து நின்றபோதும், செல்லேன் என்று ஒருநாளும் அவர் சொல்லவில்லை. போக இயலாத நிலையிற் போவேன் என்பதைக் கைவிடாதிருத்தற்கு அவருக்குக் கிடைத்த ஒரே சொல் அது. நாள்தோறும் தோற்று, நாள்தோறும் புதுப்பிக்கப்பட்ட உறுதிமொழி என அதனைக் கூறலாம். நாள்கள் இவ்வாறு கழிதலைப் பொறாத ஒருநாள் அவர் புறப்பட்டார். எவரும் அழைக்கவில்லை, எவரும் விடைகொடுக்கவுமில்லை. வேட்கை முற்றியமையே புறப்பாட்டுக்குக் காரணமாயிற்று.

தில்லை எல்லையை அடைந்தவர் வேள்விப் புகையையும் மறையொலி நிறைந்த மடங்களையும் கண்டு அஞ்சி நின்றார். உட்புகவும் துணிந்திலர், திரும்பவும் மனங்கொண்டிலர். இரவும் பகலும் மதிற்புறத்தை வலம்வந்தார். இவ்வலத்தைச் சேக்கிழார் விரைந்து கடந்துசெல்லாமை கவனிக்கத்தக்கது. நெறிமுட்டிய இடத்தில் நின்றுவிடாமல், முட்டிய மதிலையே வழியாக்கி நடந்த நடை அது. உள்ளே செல்லும் வாயில் ஒன்றேனும் திறக்குமென்பதற்கு யாதோர் அடையாளமும் இல்லாத காலத்தில் நிகழ்ந்தமையால், நாயனாரின் விடாமுயற்சி முழுவடிவிலே விளங்குமிடம் இதுவே எனலாம்.

பின்னர்க் கனவு நிகழ்ந்தது. தீயில் மூழ்கி, முப்புரிநூல் அணிந்தோருடன் தன்னை வந்தடையுமாறு இறைவன் பணித்தான். தில்லைவாழ் அந்தணர்க்கும் கனவிலே தோன்றி ஆவன செய்யுமாறு கட்டளையிட்டான். அந்தணர் அச்சத்தோடு வந்து நாயனாரை விளித்த சொல் 'ஐயரே' என்பது. அவர் தீயினுட் புகுந்தது அதன் பின்னரே. இவ்வரன்முறையைப் படிப்போர் பலர் கவனியாது செல்கின்றனர். தீ அவரைத் தூய்மையாக்கிய பின்னர்த்தான் மதிப்புப் பிறந்ததாயின், அவ்விளி தீயின் பின் வந்திருத்தல் வேண்டும். சேக்கிழார் அதனைத் தீயின் முன் வைத்தார். மதிப்புக்குரியவராதற்குத் தீ தேவைப்படவில்லை என்பது அச்சொல்லின் இடத்தால் விளங்கும்.

பாரதியார் இக்கதையை எடுத்தபோது பெரியதொரு மாற்றஞ் செய்தார். சேக்கிழாரிடத்து இல்லாத வேதியராகிய பண்ணையாரைப் படைத்தார். நந்தன் அவர் வயலிலே உழைக்கும் அடிமையாகின்றான். தில்லை செல்ல விடை கேட்பதும், அவர் சினந்து மறுப்பதும், சேரியிலுள்ள முதியோரே அவனை எதிர்ப்பதும் காட்சி காட்சியாக விரிகின்றன. இறுதியில் நாற்பது வேலி நிலத்துப் பயிரையும் முடித்துவிட்டுச் செல்லலாம் என்று பண்ணையார் கூற, ஓரிரவில் இறையருளால் அது நிறைவேறுகின்றது; பண்ணையார் தம் அடிமையையே வணங்குகின்றார். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் தயங்கினாரென்பதும், பாரதியாரின் பாடலைக் கேட்டு உள்ளம் உருகியபின் அளித்தாரென்பதும் உ. வே. சாமிநாதையர் எழுதியவற்றால் அறியப்படும்.

இம்மாற்றத்தாற் கதை பெற்றதும் இழந்ததும் உண்டு. பெற்றது மிகப் பெரிது. சேக்கிழாரிடத்திற் குலத்தடை முகமற்றது. யார் தடுத்தார் என்பதற்கு விடை இல்லை. பாரதியார் அதற்கு முகமும் குரலும் கொடுத்தார். ஒருவனுடைய நாளையைப் பறிப்பது, அவனுடைய இன்றை விலைக்கு வாங்கிவைத்திருக்கும் நிலவுடைமையே என்பதை அவர் பாடல்கள் கல்லாதாரும் உணரச்செய்தன. இடையூறு ஊழினால் விளைந்ததன்று, மனிதர் செய்தது என்னும் உண்மை அங்கே வெளிப்படுகின்றது.

இழந்ததும் சிறிதன்று. பாரதியாரின் நந்தன் விடை கேட்டுக் காத்திருக்கின்றான். அவன் செலவு பிறர் இசைவைச் சார்ந்தது. தடையை நீக்கியதும் அவன் முயற்சியன்று, ஓரிரவிலே நிகழ்ந்த அற்புதம். அவன் நம்பிக்கை நெஞ்சை உருக்குகின்றது; ஆயினும் அவ்வுருக்கத்தில் இரத்தலின் சாயல் உண்டு. சேக்கிழாரின் நாயனாருக்கு அற்புதம் வழியிலே வந்து உதவவில்லை. தம் அச்சத்தைத் தாமே வென்று, தம் காலாலே நடந்து, மதிலைத் தாமே வலம்வந்த பின்னரே அருள் வெளிப்பட்டது. இடையூற்றின் வேரைக் காட்டுவதிற் பாரதியார் மேம்பட்டார்; முயல்வோனின் உள்ளுறுதியைக் காட்டுவதிற் சேக்கிழாரே நிகரற்றவர்.

இரு நூல்களும் இறுதியில் தீயிலே சென்று முடிகின்றன. அத்தீயை உண்மையிற் கொலையென்றே கொண்டோரும் பிற்காலத்து உளர். பக்தியின் உயர்வைக் காட்டுங் குறியீடு என அமைவோரும் உளர். இவற்றுள் எதனைக் கொண்டாலும் ஒரு வினா எஞ்சும்: அன்பினால் முற்றுப்பெற்ற ஒருவர் வாயிலூடாக நடந்துசெல்ல இயலாமற் போனது எதனால்? விடாமுயற்சியைப் புகழும் கட்டுரைகளும் மேடைப்பேச்சுக்களும் இவ்வினாவைப் பெரும்பாலும் கேட்பதில்லை. துன்பம் நாயனாரை உயர்த்தியது என்று கூறி, அத்துன்பத்தை உண்டாக்கியோரை மறந்துவிடுகின்றன. மதிலைச் சுற்றிய கால்களைப் போற்றுவது முறையே. அதற்காக மதிலையும் போற்றுதல் முறையாகாது.

ஈழத்துச் சைவர்க்கு இது ஏட்டளவில் நின்ற செய்தி அன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டமையால், நாயனாரின் வரலாறு செய்யுள் பயிலாத இல்லங்களிலும் புகுந்தது. எனினும் அவ்வரலாற்றைப் படித்த ஊர்களிலேயே பல கோயில்களின் வாயில்கள் ஒருசாரார்க்கு நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தன. சாதி காரணமாகச் சமூகக் குறைபாடுகளைச் சுமத்துதலைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்ட பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உட்செல்லும் உரிமை கோரி மக்கள் நிற்கவேண்டியதாயிற்று. நாயனாரின் திருவுருவத்தை உள்ளே வைத்து வணங்கியோர், அவரைப்போல் வந்தோரை வெளியே நிறுத்தினர். புராணத்தைக் கற்றும் அதன் பொருளைக் கல்லாமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவற்றால் இவ்வரலாறு நல்கும் பாடம் இரண்டு பக்கத்தது என்பது பெறப்படும். அடையவேண்டியதொன்றை உள்ளத்திற்கொண்டு இடர்ப்படுவோர்க்கு அது கூறுவது, நாளை என்னும் உறுதியைக் கைவிடாது உறக்கமிழந்தேனும் காத்தல் வேண்டும் என்பதும், தடையை இறைவன் ஆணையெனக் கொண்டு அமைதல் ஆகாது என்பதுமாம். வாயிலின் உட்புறத்தே நிற்போர்க்கு அது கூறுவது வேறு. தில்லைவாழ் அந்தணர் 'ஐயரே' என்று அழைத்தற்கு இறைவன் கனவிலே வந்து ஏவவேண்டியிருந்தது. அத்தகைய கனவுக்குக் காத்திராது வாயிலைத் திறந்துவைத்தலே அவர்க்குரிய தொண்டு. ஒருவர் நாளை என்று சொல்லிக் காத்திருக்கும் நாள்கள் எத்துணை என்பது, அவரது உறுதியால் மட்டும் அளக்கப்படுவதன்று. பிறர் அவரைக் காக்கவைத்த காலமும் அக்கணக்கிற் சேரும்.