வேர்ப்புழு: மண்ணில் தேடுவதா, மரத்தில் பிடிப்பதா?

வாடி நிற்கும் மிளகாய்ச் செடியை லேசாகப் பிடித்து இழுத்தாலே கையோடு வந்துவிடும். சல்லி வேர் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்த இடத்தைக் கொஞ்சம் கிளறினால், பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு. பலர் இந்தளவுக்குத் தோண்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு தண்ணீர் விடுவார்கள். அல்லது வாடல் நோய் என்று பூஞ்சைக்கொல்லி ஊற்றுவார்கள்.

புழுதான் என்று தெரிந்தவர்கள் முதலில் கேட்பது குருணை மருந்து. போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. குருணை போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. குருணை வேலையே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழு அதற்குத் தப்பாது. ஆனால் செடி வாடுவது, புழு மூன்றாம் பருவத்துக்கு வந்து கொழுத்த பிறகு. அப்போது போடும் குருணை காசுக்கும் மண்ணுக்கும் கேடு. அதிலும் கேரட், முள்ளங்கி போன்றவற்றில் வேரையே நாம் தின்கிறோம்.

அடுத்தது மெட்டாரைசியம் பூஞ்சை. இதற்கு நல்ல பூர்வீகம் உண்டு. 1879-இல் விஞ்ஞானி மெச்னிகோவ் ஒடேசாவில் கோதுமை வண்டின் மேல் இதைச் சோதித்தார். அந்த வண்டின் பெயரான அனிசோப்லியா இன்றும் பூஞ்சையின் பெயரில் ஒட்டியிருக்கிறது. புழுவின் தோலைத் துளைத்து உள்ளே வளர்ந்து, கடைசியில் செத்த உடலைப் பச்சைத் தூளாகப் போர்த்திவிடும். மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈர மண்ணில், வெயில் தாழ்ந்தபின் போட்டால் நல்ல ஆயுதம்தான். என் சந்தேகமெல்லாம் பொட்டலத்தின் மேல். தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் வெந்து கிடந்த பொட்டலத்தில் உயிர் இருக்கிறதா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? போதாததற்கு, வாடல் நோய் என்று ஊற்றிய பூஞ்சைக்கொல்லி இதையும் சேர்த்துக் கொல்லும்.

வேப்பம்புண்ணாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நல்ல உரம், மறுப்பில்லை. ஆனால் இந்தப் புழுவின் தாய் வண்டு விரும்பித் தின்பதே வேப்பிலையை! புண்ணாக்கை மட்டும் நம்பியிருப்பவர் இதை ஒருமுறை யோசிக்கட்டும்.

எருக்குழியில் கிடக்கும் புழுவையெல்லாம் எதிரியாக்குவதும் தவறு. சந்தேகம் வந்தால் ஒன்றை எடுத்துச் சிமென்ட் தரையில் விடுங்கள். மல்லாந்து முதுகால் ஊர்ந்து போனால் அது பூவண்டின் புழு. மக்கும் குப்பையைத் தின்பது. வேரைத் தின்கிற புழு அப்படி மல்லாந்து ஊராது.

கோடை உழவு செய்தால் கொக்கும் மைனாவும் பின்னாலேயே வந்து புழு பொறுக்கும், உண்மைதான். ஆனால் ஆழத்தில் படுத்திருக்கும் வண்டை மேலோட்டமாக ஓடும் ரோட்டவேட்டர் எட்டாது.

ஆக, இந்தப் பூச்சி எங்கே சிக்கும்? ஆண்டுக்கு ஒரே தலைமுறை. கோடை மழை மண்ணை நனைத்ததும் வண்டுகள் அந்தியில் கிளம்பி வேம்பு, முருங்கை, கருவேல மரங்களில் ஏறும். இரவில் தின்று, இணைசேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குத் திரும்பும். முட்டை மண்ணுக்குள் போகுமுன் தாயைப் பிடிக்க அந்தச் சில இரவுகள்தான் வாய்ப்பு. கிளையை உலுக்கினால் பொலபொலவென்று விழும். கீழே விரித்த சாக்கிலிருந்து அள்ளி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட வேண்டியதுதான். விளக்குப்பொறியும் வைக்கலாம், ஆனால் எல்லா இன வண்டும் விளக்குக்கு வராது, மரத்துக்கு வரும்.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஒருவர் மட்டும் உலுக்கினால் பயன் குறைவு. பக்கத்துத் தோட்டத்து வேம்பில் ஏறிய வண்டு இவர் வயலிலும் முட்டையிடும். நாலு தோட்டக்காரர்கள் ஒரே இரவில் சேர்ந்து இறங்குவது, ஒரு மூட்டை மருந்து வாங்குவதைவிடக் கடினம். அப்படியிருந்தும் முதலிடம் இதற்குத்தான். இரண்டாவது, நம்பகமான இடத்தில் புதிதாக வாங்கி, இளம்புழுப் பருவத்தில் போடும் மெட்டாரைசியம். செடி வாடிய பிறகு போடும் குருணைக்கு என் பட்டியலில் இடமே இல்லை.

இந்த ஆண்டு முதல் கோடை மழை பெய்த அன்று, இருட்டியதும் டார்ச்சோடு வேப்பமரத்தடிக்குப் போங்கள். போகும்போது பக்கத்துத் தோட்டக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.