மென்பானப் போத்தலும் அதன் மேலெழுத்தும்: ஒரு நோக்கு

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே உடையது. ஆயினும் 1977ஆம் ஆண்டின் பின் இக்கரையில் விலைபோன பானமொன்று அக்கரையில் இல்லாதொழிந்தது. 1961 முதல் இலங்கையில் விற்பனையாகிவந்த கொக்கா கோலா, அந்நியப் பங்குரிமையைக் குறைக்குமாறு இந்திய அரசு விதித்த நிபந்தனைக்கு இணங்காது அந்நாட்டை விட்டு நீங்கிற்று, 1993இலேயே மீண்டது. கப்பற் சேவை 1980களின் முற்பகுதியில் நின்றுபோகும் வரை, மன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்றோர், மொழி மாறாத அக்கரையிலே போத்தல் மட்டும் மாறியிருக்கக் கண்டிருப்பர். விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பவண்டோவே அங்குத் தமிழர் நாவறிந்த கறுப்புப் பானம்.

உலகெங்கும் தான் ஒன்றே எனப் பறைசாற்றுவது இத்தகைய பானங்களின் இயல்பு. அக்கூற்றை மறுப்பது அவற்றின் கலமே. எனினும் கலத்தில் நிகழும் மாற்றங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சில வெறும் ஒப்பனை. சில ஒரு நாடு தன் மக்கள் பொருட்டு வற்புறுத்திப் பெற்றவை.

வடிவத்தை முதலில் நோக்கலாம். இருளில் தொட்டாலும், உடைந்து நிலத்திற் கிடந்தாலும் இன்னதென அறியத்தக்க போத்தல் வேண்டுமெனக் கேட்டதன் பேரில், 1915இல் அமெரிக்கக் கண்ணாடித் தொழிலகமொன்று இடை சிறுத்த அவ்வடிவத்தை அமைத்தது. அதற்கு மாதிரியாக அமைந்தது கொக்கோக் காயின் படம். பானத்திலோ கொக்கோ இல்லை! பொருளுக்குத் தொடர்பற்ற உருவம் உலகப் புகழெய்தியமைக்கு இதனினும் நல்ல சான்று கிடைத்தல் அரிது. ஆங்கிலேயரான ஹைரம் கொட் 1872இல் உரிமம் பெற்ற சோடாப் போத்தலின் வடிவமோ தொழிலின் தேவையாற் பிறந்தது. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கண்ணாடிக் குண்டை மேல்தள்ளி வாயை அடைக்கும். ஈழத்தில் அது போளைச் சோடா, தமிழகத்தில் கோலிச் சோடா, யப்பானில் ரமுனே. பெயர் ஊருக்கு ஊர் வேறுபட்டும் வடிவம் வேறுபடாமைக்குக் காரணம் அதன் பொருத்தப்பாடே.

பொருத்தப்பாட்டின் எல்லையைக் காண விழைவோர் மன்னார்த் தீவின் பனங்கூடல்களுக்குச் செல்லவேண்டும். பனை தந்த கள்ளைப் பனையோலையாற் கோலிய பிளாவில் ஏந்திப் பருகும் வழக்கில், பானமும் கலமும் ஒரே மரத்தின் பேறுகள். பருகியபின் எறிந்த பிளா மண்ணோடு மண்ணாகும். அதில் எழுத்தேதும் இல்லை; வேண்டியதுமில்லை, இறக்கியவரும் பருகுபவரும் ஒருவரையொருவர் அறிவர். அந்த அறிமுகம் அற்ற இடத்திலேதான் மேலெழுத்துத் தேவையாகிறது.

மேலெழுத்தில் அரபு, எபிரேயம், தாய் முதலிய வரிவடிவங்கள் யாவும் 1886இல் எழுதப்பெற்ற ஆங்கிலச் சுழியெழுத்தின் சாயலுக்கு வளைக்கப்பட்டுள்ளன. சீனர் மட்டும் ஒலியோடு, சுவையும் மகிழ்வும் என்னும் பொருளையும் பெற்றுக்கொண்டனர். தமிழுக்கு வாய்த்தது ஒலிபெயர்ப்பு மட்டுமே. அதுவும் இலங்கை ஏடுகளில் கொக்கா கோலா, தமிழக ஏடுகளில் கோகோ கோலா என இருவகைப்படும். முன்னதைக் கேட்கும்போது வங்காலைச் சதுப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவை நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது.

இவையெல்லாம் ஒப்பனை. வற்புறுத்திப் பெற்ற மாற்றத்திற்கு எடுத்துக்காட்டு, 2016 ஓகஸ்டில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த நிறக்குறியீடு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருப்பின் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். அதனிலும் குறைவெனிற் பச்சை. மும்மொழி நாட்டில் எழுத்தறியாத சிறுவனும் உணரும் குறி நிறமே. இவ்வகையில் இது பாராட்டுக்குரிய முயற்சி என்பதில் ஐயமில்லை.

ஆயின் எல்லை வகுத்தவிடத்துக் குறையுண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராம் சீனி கொண்ட 300 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 33 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டிக்கு மேல், சீனி உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்கு உட்படுதல் நன்றென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. அதைத் தாண்டிய போத்தலுக்கும் நிறம் மஞ்சளே. அதே 2016இல் சிலி நாடு சீனி மிகுந்த பொருள்களின் முகப்பில் கருநிற எண்கோணத்தைப் பொறிக்கச் செய்தது. மெக்சிக்கோ 2020இல் அவ்வழி சென்றது. அவ்வெண்கோணம் ஒன்று உண்டு, அல்லது இல்லை, இடைநிறம் கிடையாது. மன்னார் வெயிலில் கடைவாசலில் நின்று போத்தலைத் திறப்பவனுக்கு மஞ்சள் வட்டம் உரைப்பதோ, பொறுத்துக்கொள்ளலாம் என்பதே.