முதல் தேர்வுக்கு முன்னால்

தமிழகத்தின் அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளில் வகுப்புக் குழு என்று ஓர் அமைப்பு உண்டு. பாடம் நடத்தும் ஆசிரியர்களும் மாணவப் பிரதிநிதிகளும் அதில் இருப்பார்கள். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவர் தலைமை வகிப்பார். இன்டர்னல் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்களை அலசி, பின்தங்கும் மாணவர்கள் யாரென்று பார்த்து, அவர்களுக்குத் தனியே சொல்லிக்கொடுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்பது அதன் கடமைகளில் ஒன்று. இது தவிர, மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வோர் ஆசிரியர் பொறுப்பில் விடுகிறார்கள். வருகை குறைந்தாலோ மதிப்பெண் சரிந்தாலோ வீட்டுக்குத் தொலைபேசி போகும். “அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா” என்பது தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் பழக்கமான வாக்கியம்.

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் அப்படி யாரும் அப்பாவைக் கூப்பிடுவதில்லை. அங்கே மாணவர் வளர்ந்தவராகவே நடத்தப்படுகிறார். விரிவுரையாளர்களில் சிலர் மாணவர் ஆலோசகர்களாகவும் நியமிக்கப்படுகிறார்கள். ஆனால் அவர்களைத் தேடிப் போக வேண்டியது மாணவரின் பொறுப்பு. தடுமாறுகிறவர்களில் பலர் போவதில்லை. பரீட்சை முடிவு வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிகிறது. தவறிய பாடத்தை மறுபடி, அதாவது ரிப்பீட், எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெரும்பாலான பீடங்களில் ‘சி’க்கு மேல் கிடைக்காது. மருத்துவ பீடத்திலோ முக்கியப் பரீட்சை ஒன்றில் தவறினால் ‘பட்ச் மிஸ்’ ஆகி, கூடப் படித்தவர்களை விட்டுப் பின்தங்க நேரும்.

ஆனால் இலங்கையில் ‘குப்பி’ இருக்கிறது. பாடம் புரிந்த ஒருவர், புரியாத சக மாணவர்களை விடுதி அறையிலோ வெறுமையான விரிவுரை மண்டபத்திலோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. சில வேளை மூத்த மாணவர்கள் எடுப்பார்கள். நிர்வாகத்துக்கு இதில் வேலையில்லை, கட்டணமும் இல்லை. ஆங்கிலத்தில் நடந்த விரிவுரை அங்கே தாய்மொழியில் மறுபடி நடக்கிறது. கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்து படிக்கிறார்கள். ஒரே சமன்பாட்டை இரு மொழிகளில் விளங்கப்படுத்த அங்கே ஆள் கிடைக்கும். விரிவுரையாளரிடம் கேட்கக் கூசும் கேள்வியை நண்பனிடம் தயங்காமல் கேட்கலாம். இந்தத் துணையை எந்தச் சுற்றறிக்கையாலும் உண்டாக்க முடியாது. அதன் குறை, பெரும்பாலும் பரீட்சை நெருங்கும்போதுதான் கூடுகிறது என்பது. நண்பர்கள் இல்லாதவருக்கும், பகிடிவதைக்கு (ராகிங்) பயந்து மூத்தவர்களிடமிருந்து ஒதுங்கிப் போனவருக்கும் அது எட்டாது. 1998இல் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்த பிறகும் அந்தப் பயம் முற்றாகப் போகவில்லை.

இரண்டு நாடுகளிலும் தடுமாற்றத்தின் வேர் பல நேரம் ஒன்றுதான்: மொழி. இலங்கையில் உயர்தரத்தை, அதாவது பள்ளியின் இறுதிக் கட்டத்தை, தமிழிலோ சிங்களத்திலோ படித்தவர், விஞ்ஞான, மருத்துவ, பொறியியல் பீடங்களில் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தாலும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் அது சேராது. தமிழகத்திலும் பொறியியல் கட்-ஆஃபில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மட்டுமே உண்டு. ஆக, அனுமதிக்காக வைத்திருக்கும் எந்தக் கணக்கும், வகுப்பில் யாருக்குப் பாடம் காதில் ஏறாமல் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை.

தாமதத்தின் விலையை 2015இல் ரூர்கி ஐஐடி காட்டியது. முதலாண்டு முடிவில் சராசரிப் புள்ளி ஐந்துக்குக் கீழே இருந்ததென்று எழுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களை நிறுவனம் வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள். அவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். கடைசியில் இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. ஓராண்டு முழுக்க அவர்களின் மதிப்பெண்கள் அந்த நிறுவனத்தின் கையில்தானே இருந்தன!

இந்தியாவில் தடுமாறுவோரைக் கண்டறியும் ஏற்பாட்டுக்குக் குறைவில்லை. பின்தங்கியோருக்கு என்ன செய்தீர்கள் என்று கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவும் கேட்கிறது. அதனாலேயே பல கல்லூரிகளில் ‘ஸ்லோ லேர்னர்’ பட்டியல், கூடுதல் வகுப்பின் கையெழுத்துத் தாள், புகைப்படம் எல்லாம் கோப்பில் ஒழுங்காக இருக்கும். அந்தப் பெயரைச் சுமக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது வகுப்பின் முன்னே ஓர் அவமானம். கூடுதல் வகுப்பிலும் அதே ஆசிரியர், அதே குறிப்புகள் என்றால் அவருக்கு என்ன புதிதாக விளங்கும்?

இலங்கையிலும் இடைக்கால மதிப்பீட்டுப் புள்ளிகள் இருக்கின்றன. அவை இறுதிப் பெறுபேற்றில் சேர்வதோடு நின்றுவிடாமல், வந்த வாரமே மாணவர் ஆலோசகரின் மேசைக்குப் போகலாம். அவரே சம்பந்தப்பட்டவரைத் தனியாக அழைத்துப் பேசலாம். குப்பியும் படிப்பு விடுமுறை வரை காத்திராமல் ஆறாவது வாரத்திலேயே தொடங்கலாம். ஒரு மண்டபத்தின் சாவியை மாணவர்களிடம் கொடுத்தால் போதும். தமிழகக் கல்லூரிகள், கூடுதல் வகுப்பை, அதே பாடத்தில் ஒருமுறை தவறி (அரியர் வைத்து) பிறகு தேறிய இரண்டாம் ஆண்டு மாணவரிடம் தமிழில் எடுக்கச் சொல்லிப் பார்க்கலாம். எந்த இடத்தில் கால் இடறும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.