வெற்று வரிக்கு முன்னால்

எச்.டி.எம்.எல். பக்கத்தின் நடுவே ‘இன்க்ளூட் வர்ச்சுவல்’ என்று ஒரே ஒரு கட்டளை. அந்த இடத்துக்கு வந்ததும் அப்பாச்சி சர்வர் குறிப்பிட்ட சிஜிஐ ஸ்கிரிப்டை (சர்வரிலேயே ஓடி உள்ளடக்கம் தரும் நிரலை) ஓட்டி, அது தருவதை அங்கேயே பதித்துவிட்டு மேலே போகிறது. பார்ப்பவருக்கு ஒட்டுப்போட்ட தடமே தெரியாது. அந்தத் தடம் தெரியாமல் போவதற்குக் காரணம், ஹெடர்களை, அதாவது உள்ளடக்கத்துக்கு முன்னால் வரும் தகவல் வரிகளை, சர்வர் கையாளும் நேர்த்திதான்.

சிஜிஐ ஸ்கிரிப்ட் முதலில் ஹெடர்களைச் சொல்லும், பிறகு ஒரு வெற்று வரி, அதற்கப்புறம்தான் சரக்கு. 1993-ல் என்.சி.எஸ்.ஏ. சர்வரில் பிறந்த இந்த ஒழுங்கு, 2004-ல் ஆர்.எஃப்.சி. 3875 என்ற இணைய ஆவணமாகப் பதிவானது. ஸ்கிரிப்டை நேரடியாகக் கூப்பிட்டால் அதன் ஹெடர்கள் பதிலோடு பிரவுசருக்குப் போகும். பக்கத்துக்குள் சேர்க்கும்போது அப்படி விட்டால், பத்திகளுக்கு நடுவே ‘கன்டென்ட்-டைப்’ என்ற வரி பல்லிளிக்கும். ஆகவே சர்வர் வெற்று வரிவரை தானே படித்து, ஹெடர்களை, ஸ்கிரிப்டுக்காகத் தனக்குள் எழுப்பிய துணைக் கோரிக்கையின் கணக்கில் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை மட்டும் பக்கத்தில் விடுகிறது. ஸ்கிரிப்ட் குக்கி வைக்கச் சொன்னாலும் அது வெளியே போகாது. ஒரு பதிலுக்கு ஒரே ஹெடர்த் தொகுப்பு. அதைச் சொல்லும் உரிமை, ஸ்கிரிப்டைச் சேர்த்துக்கொள்ளும் தாய்ப் பக்கத்துக்கே.

இந்தக் கண்டிப்புக்குள் இருக்கும் கனிவு என்னை எப்போதும் மயக்கும். ‘எக்செக் சிஜிஐ’ என்ற இன்னொரு கட்டளை வழியாக ஓடும் ஸ்கிரிப்ட், உள்ளடக்கம் தராமல், வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் ‘லொகேஷன்’ ஹெடர் மட்டும் தந்தால் என்ன செய்வது? பாதிப் பக்கத்தில் பிரவுசரை வேறிடம் அனுப்ப முடியாது. அப்பாச்சி அந்த முகவரியை ஒரு சுட்டியாக்கிப் பக்கத்தில் வைத்துவிடுகிறது. சொன்ன சொல் வீணாகவில்லை, பக்கமும் குலையவில்லை. அதே சர்வர், தன் ஹெடர்களைத் தானே முழுதாக எழுதும் ‘என்.பி.எச்.’ வகை ஸ்கிரிப்டை உள்ளே சேர்க்கவே மறுக்கும். எதை வளைக்கலாம், எதை வளைக்கக் கூடாது என்ற தெளிவு அது.

தாய்ப் பக்கத்தின் ஹெடர்களிலும் இதே நேர்மை. உள்ளே சேர்வது எப்போது மாறும், எவ்வளவு நீளும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் மூலக் கோப்பின் நீளத்தையும், கடைசியாகத் திருத்திய தேதியையும் அப்பாச்சி இயல்பாக அனுப்புவதில்லை. தெரியாததைச் சொல்லாமல் விடுகிறது.

ஸ்கிரிப்டுக்கும் தன் நிலை தெரியும்: அதன் ‘சர்வர் புரோட்டோகால்’ மாறியில் ‘இன்க்ளூடட்’ என்று இருக்கும். அதைப் பார்த்து குக்கி வேலையைத் தாய்ப் பக்கத்திடம் விட்டுவிட்டு, தன் துண்டை மட்டும் சுத்தமாகத் தரும் ஸ்கிரிப்டே நல்ல கைவேலை.