சாம்பல் பள்ளத்தாக்கு குறியீடு மட்டுமா?

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1925-இல் வெளியிட்ட 'தி கிரேட் கேட்ஸ்பி' நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியப் பாடமாக நெடுங்காலம் பயிலப்பெற்றுவரும் நாவல். பச்சை விளக்கு ஆசைக்கும், சாம்பல் பள்ளத்தாக்கு ஒழுக்கச் சிதைவுக்கும், விளம்பரப் பலகையின் கண்கள் கடவுளுக்கும் குறியீடு என்று மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். இவ்வாய்பாடு நாவலைக் குறுக்கிவிடுகிறது என்பதே நமது கருத்து.

கேட்ஸ்பி வறிய வேளாண் குடும்பத்தில் பிறந்தவன். கள்ளச் சாராயத்தால் செல்வனானவன். தன்னை மணவாத டெய்சியின் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கி, அவளது படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கை நோக்கிக் கை நீட்டுகிறான். 'அமெரிக்கக் கனவு' என்னும் தொடரை ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் 1931-இல்தான் பரவச் செய்தார்; அதன் வெறுமையை நாவல் ஆறாண்டுகள் முன்னரே கண்டுவிட்டது. சிறுவயதில் அவன் எழுதிய தினசரி அட்டவணையை இறுதியில் தந்தை எடுத்துக் காட்டுகிறார். உடற்பயிற்சி, படிப்பு, வாரம் 5 டாலர் என்றெழுதி அடித்து 3 எனத் திருத்திய சேமிப்பு! சிக்கனமும் விடாமுயற்சியும் உடையோன் உயர்வான் என நம் பிரசங்கபீடங்களும் சொல்லிவந்தனவன்றோ? அதனாலேயே அப்பகுதியை நம்மால் நகைத்துக் கடக்க இயலவில்லை.

கண்களுக்கு வருவோம். ஒரு கண் மருத்துவர் தொழில் பெருக வைத்து, பின்னர் கைவிடப்பட்ட பலகை அது. மனைவியைக் கார் விபத்தில் இழந்த வில்சன் அதைப் பார்த்துக் கடவுள் காண்கிறார் என்கிறான்; அது வெறும் விளம்பரம் என்கிறான் அருகிலிருக்கும் காப்பிக்கடைக்காரன். திறனாய்வாளர் முன்னவன் சொல்லைப் பற்றிக்கொண்டு பின்னவன் சொல்லை விட்டுவிடுகின்றனர். வில்சனோ, கார் ஓட்டாத கேட்ஸ்பியைச் சுட்டுக் கொல்கிறான். எதுவும் பேசாத பலகையைத் தேவனாக்குவது இறையியலாகாது. துயருற்றவனின் தடுமாற்றமே அது.

சாம்பல் பள்ளத்தாக்கோ கற்பனை மட்டுமன்று. நியூயார்க்கின் கரோனா பகுதியில் நகரத்து அடுப்புச் சாம்பல் மலையாகக் கொட்டப்பட்டது; அதை அகற்றிச் சமன்செய்த நிலத்திலேதான் 1939-இல் உலகக் கண்காட்சி நடந்தது. நாவலில் செல்வர் அதனூடே ரயிலிலும் காரிலும் கடந்து செல்கின்றனர். அதைக் குறியீடு என்று மட்டும் சொல்லி மேற்செல்வதும் ஒருவகைக் கடந்துசெல்லலே.

அணைக்கட்டிலிருந்து எழுதும் நமக்கு இது உவமையன்று. ஆம்பூர்ப் பெண்கள் தைக்கும் காலணிகள் அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளுக்குச் செல்கின்றன. அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறும் கல்வியும் அளித்தது என்பதை மறைப்பது நன்றியின்மை. எனினும் தோல் பதனிடும் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதை 1996-இல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே குறித்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

இந்நினைவோடு நாவலின் முடிவைப் படிக்கையில் ஒரு குறை புலப்படுகிறது. கேட்ஸ்பியின் அடக்கத்திற்கு மிகச் சிலரே வந்ததையும், காரை ஓட்டிய டெய்சி ஒரு மலரும் அனுப்பாததையும் ஆசிரியர் உருக்கமாக எழுதுகிறார். பள்ளத்தாக்கில் வாழ்ந்த வில்சனையும் அவன் மனைவியையும் எங்கே, யார் அடக்கம் செய்தனர் என்பதற்கு அவரும் ஒரு வரி ஒதுக்கவில்லை.